அப்பா முடிக்கச் சொல்லாத ஆராய்ச்சி

போன வாரம் ஒரு மாணவி, “மேம், பிஎச்.டி. பண்ணா வேலை கிடைக்குமா?” என்று கேட்டாள். பட்டம் வாங்கியும் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? சிரித்து வைத்தேன். அவள் நீட்டிய திராட்சைக் கொத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து வாசம் அடித்தது.

அந்த வாசத்தில் போனதுதான் என் எட்டு வருசம். தொண்ணூற்றெட்டில் சேர்ந்தேன். மழைக்காலத்தில் திராட்சை இலையில் வரும் அடிச்சாம்பல் நோய்தான் ஆராய்ச்சி. சின்னமனூரில் பஸ் ஏறித் தோட்டங்களுக்குப் போய், திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து குனிந்து இலை பறித்துவிட்டு, கழுத்து பிடித்துக்கொண்டு வீடு வருவேன். மேலே படி என்று தூண்டியவர் அப்பா. மகள் பேராசிரியை ஆகணும்னு ஆசை போல என்று நானும் பூரித்துக் கிடந்தேன், போங்கள்.

வருசநாட்டிலிருந்த தாய்மாமன் மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. குடித்தால் கை நீட்டுவான். முறையை மறுத்தால் உறவே அறுந்துவிடும். கல்யாணம் பேச வரும் மாமாவை வாசலில் கண்டதும் அம்மா, “அண்ணன் வந்திருக்காக” என்று காப்பி போட ஓடுவாள். அப்பாவோ, பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது மச்சான், முடிக்கட்டும் என்பார். படிக்கிற பிள்ளையை நிறுத்து என்று சொல்ல மாமாவுக்கு வாய் வராது.

மூன்றாம் வருசமே நெறியாளர் எழுத ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். பெருமையாக வந்து சொன்னேன். சோற்றில் வைத்த கையை அப்பா எடுக்கவில்லை. அம்மா அடுப்படிக்குப் போனதும் மெல்லச் சொன்னார்.

“சீக்கிரம் முடிச்சிராத ஆத்தா.”

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நெறியாளரிடம் போய், இன்னொரு மழைக்காலம் பார்க்கணும் சார் என்றேன். அடுத்த வருசமும் அதையே சொன்னேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முடித்து, நிரந்தர வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வயிறு எரியத்தான் செய்தது.

கடைசியில் மாமா பொறுமை இழந்து, மகனுக்குக் கம்பத்தில் பெண் எடுத்தார். பத்தாவதோடு நின்ற பெண். கல்யாணத்தில் அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் வீட்டில் சாக்குச் சொல்ல ஒரு படிப்பு இல்லை.

அதன்பிறகு ஆறே மாதத்தில் எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, “ஏம்மா இத்தனை வருசம்?” என்று கேட்டார்.

“மழை சரியாப் பெய்யல சார்” என்றேன்.

காரணம் தெரிந்த இன்னொரு மனுசரான அப்பா அதற்கு முந்தின ஐப்பசியில்தான் போய்ச் சேர்ந்திருந்தார்.