உள்ளே நம்ம ஆள்

என் கடைசித் தம்பி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனவன். கூடமாட நின்று பழகி, ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குக் கையாளாகிவிட்டான். மயங்கியவர் மூச்சுவிடத் தொண்டைக்குள் செருகும் குழாய்களை அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பது வேலை. சொந்தத்தில் அவனுக்குக் 'குழாய்' என்றே பேர் விழுந்தது. யாருக்குத் தலைவலி வந்தாலும், "குழாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்பார்கள்.

எங்கள் பெரியண்ணன் மகளுக்குப் பிறந்த பையனுக்கு மேல் அண்ணம் பிளந்திருந்தது. தாடையும் சிறுத்து உள்வாங்கியிருந்தது. மல்லாக்கப் போட்டால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு முட்டும். குப்புறப் போட்டே வளர்த்தாள். அண்ணத்தைத் தைக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தம்பி தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

"அங்க நமக்கு யாரைத் தெரியும் சித்தப்பா? இங்கன்னா உள்ள நீங்க இருக்கீங்க."

"இருந்து என்னத்தைக் கிழிக்கப் போறேன்? குழாயை எடுத்துக் குடுக்கிறவன்மா நான்."

கேட்டால்தானே. டாக்டரம்மாவும், "பார்க்கிறேன், முடியலைன்னா எழுப்பிடுவேன்" என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டார்.

உள்ளே நடந்ததைத் தம்பி பிறகு என்னிடம் சொன்னான். பிள்ளை தூங்கியதும் விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தால் நாக்குதான் தெரிகிறது. குழாய் விட வேண்டிய குரல்வளை கண்ணிலேயே படவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மெஷினின் 'பீப்' சத்தம் கட்டையாகிக்கொண்டே போகுமாம். போனது. டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டு, தாடையை முன்னால் இழுத்துப் பிடித்து முகமூடி வைத்தார். சத்தம் ஏறியது. வேறு கருவி, இன்னும் சின்னக் குழாய். மறுபடியும் இறங்கியது. தம்பி அடுத்த குழாயைப் பிடித்தபடி மரமாக நின்றான்.

"போதும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எழுப்பிடலாம்" என்றார் டாக்டரம்மா.

பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் இவனுக்கு உயிர் வந்தது.

வெளியே வந்த தம்பியை அண்ணன் மகள் மேலும் கீழும் பார்த்தாள். "தைக்கவே இல்லையா? இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கலாமே. உங்க சொந்தப் பேரன்னா விட்டிருப்பீங்களா?"



கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனோம். பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். எங்களோடு பெஞ்சில் இவனும். காரியம் நல்லபடி முடிந்தது என்று இப்போது சொல்லலாம்; அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்? நாங்கள் அதையும் இதையும் பேசிக்கொண்டாவது இருந்தோம். அவன் கதவு அசையும்போதெல்லாம் எழுந்து நின்றான். அழுக்குத் துணி மூட்டையோடு வெளியே வந்த ஆயாவை மறித்து, "உள்ள புள்ள எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும், தள்ளி நில்லு" என்று அவள் போய்விட்டாள்.