சாலிகிராமத்தில் கஸ்தூரியம்மாள் நடித்துக் காட்டியது

கஸ்தூரியம்மாளுக்கு யார் மேலாவது கோபம் வந்தால் கத்த மாட்டாள். அந்த ஆளைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவாள். பத்து நாள் போனதும் மீன் ஏலம் விடும் இடத்தில், நாலு பெண்களுக்கு நடுவில், அந்த ஆளாகவே மாறி நிற்பாள். அதே குரல், அதே இருமல், அதே இழுப்பு. பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. அவளுக்குப் பயந்தே ஏலக்காரர் ஒருவர் பெண்களை வாடி போடி என்று பேசுவதை விட்டார்.

பழவேற்காடு பஜாரில் வலை நூல் கடை வைத்திருந்த எனக்கு அவளை நன்றாகத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம், லைட் ஹவுஸ் அருகே இருந்த குப்பத்திலிருந்து படகில் வருவாள். "இனாயத்துல்லா பாய், இது அறுந்துபோற நூலு, வேற குடு" என்று தள்ளிவிடுவாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். பிள்ளை இல்லை. கூட இருந்தது தம்பி முனியன் மட்டும்.

முனியனுக்கு அப்போது இருபத்தாறு வயது. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. யாராவது உரக்கப் பேசினால் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் கொட்டிய இறாலைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரிப்பதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. அதே இடத்துக்கு வேலைக்கு வந்தவள் சரோஜா, பக்கத்துக் குப்பத்துத் தாமோதரனின் மகள். நாக்கு தடித்துப் பேசுவாள். ஒரு வேலையைப் பத்துத் தடவை காட்டினால்தான் பிடிபடும். பிடிபட்டபின் மறக்க மாட்டாள். ஊர் இருவரையும் ஒரே சொல்லில் முடித்திருந்தது, அரைகுறை என்று.

வெயில் ஏறினால் முனியன் எழுந்து போய் சரோஜாவுக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்பான். தன் நிழல் அவள் தலைமேல் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்ப்பான்.

"நெழலு போதுமா சரோ?"

"இன்னும் கொஞ்சம் இப்டி" என்று அவள் கையைக் காட்டுவாள். அவன் நகர்வான். ஊரறிய, பட்டப்பகலில் அவர்கள் காதல் இப்படித்தான் நடந்தது. ஒருநாள் சரோஜாவே வீட்டில் சொல்லிவிட்டாள். "நைனா, எனக்கு முனியன் ஓணும்."

பஞ்சாயத்து கூடியது. "ரெண்டும் அரைகுறை. நாளைக்கு ஒண்ணு பொறந்தா யாரு பாக்கறது?" என்றார்கள்.

"நான் பாக்கறேன். நீங்க கல்யாணத்துக்கு வந்து துன்னுட்டுப் போங்க, போதும்" என்றாள் கஸ்தூரியம்மாள்.

தாமோதரன் ஒரு வருஷம் அவகாசம் கேட்டார். தனியாக ஒரு குடிசை போட்டுக் கொடுத்துவிட்டுச் செய்வோம் என்றார். எழுபத்தெட்டு வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

இதற்கிடையில் எழுபத்தேழு மாசியில் சென்னையிலிருந்து ஒரு சினிமா கம்பெனி படப்பிடிப்புக்கு வந்தது. கதாநாயகனும் கதாநாயகியும் படகில் பாடிக்கொண்டிருக்க, காமெடிப் பகுதி எழுதுகிற கண்ணப்பன் என்பவருக்கு வேலை இல்லை. சுற்றிக்கொண்டே இறால் பிரிக்கும் இடத்துக்கு வந்தார். முனியன் நிழல் கொடுப்பதைப் பார்த்தார். அன்றைக்கே கஸ்தூரியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பதினெட்டு நாளும் அவருக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் கேட்கக் கேட்க இவள் சொன்னாள். பஞ்சாயத்தில் நடந்தது, முனியன் சரோஜாவுக்காக நண்டைக் கால் உடையாமல் எடுத்துவைப்பது, அவள் அவனுக்குத் தலை வாரிவிடுவது எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக் கண்ணப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி ஜனங்களோட அன்பை யாரும் சினிமால காட்டினதில்லம்மா. நான் காட்றேன் பாரு" என்றார். இவள் நம்பினாள். முனியனுக்கு அவர் பிஸ்கட் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் சித்திரையில் அந்தப் படம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. குப்பங்களிலிருந்து படகு படகாக ஜனம் வந்து இறங்கியது. முனியன் புதுச் சட்டை, சரோஜா மஞ்சள் புடவை. கஸ்தூரியம்மாள் இருவரையும் முன்னால், மணலில் உட்காரவைத்தாள்.

நானும் அன்று கூடாரத்தில் இருந்தேன்.

திரையில் ஒரு ஆள் வந்தான். அரை நிஜார், வாயோரம் எச்சில், மாறுகண். கூட ஒரு பெண், பல்லை வெளியே தள்ளிக்கொண்டு, கையில் குச்சி மிட்டாய். படத்தில் அவர்களுக்கு லூசு ஜோடி என்று பெயர். அவன் காலை அகட்டி அவள் முன்னால் நின்று இடுப்பை ஆட்டி, "நெழலு போதுமா?" என்றான். கொட்டகை அதிர்ந்தது. பிறகு அவர்களுக்குக் கல்யாணம். முதலிரவில் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஊரே கூரையைப் பிரித்து எட்டிப் பார்க்கிறது. கட்டில் உடைகிறது. மறுபடியும், "நெழலு போதுமா?"

முனியனும் முதலில் சிரித்தான். எல்லோரும் சிரித்ததால் சிரித்தான். சரோஜாவுக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து நின்றாள். ஒளிக்கற்றையில் அவள் தலை பட்டு, நிழல் திரையில் பெரிதாக விழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "நெழலு போதும், குந்தும்மா!"

கூடாரமே உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கஸ்தூரியம்மாள் திரும்பி, வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என் முகத்தையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை ஊரை விட்டுப் போகவில்லை. படகில், பஸ்ஸில், டீக்கடையில் எங்கும் அதுதான். முனியனும் சரோஜாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். தாமோதரன் ஒருநாள் வந்து வெற்றிலைத் தட்டைத் திருப்பி வைத்தார். "ஊரே என் பொண்ணோட மொத ராத்திரியப் பாத்துட்டா மாரி கீது. இதுக்கு மேல கல்யாணம் இன்னாத்துக்கு?" என்றார். சரோஜாவை அனுப்பம்பட்டில் இருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முனியன் வெயிலில் நிற்பதை விட்டான். தன் நிழல் யார் மேலாவது பட்டால் உதறிக்கொண்டு விலகினான். அப்புறம் வேலைக்கே போகவில்லை.

கஸ்தூரியம்மாள் அழுததாக யாரும் சொல்லவில்லை. ஒரு கூடை இறாலோடு பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலேறிச் சென்னை போனாள். விசாரித்து விசாரித்துச் சாலிகிராமத்தில் கண்ணப்பன் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

அந்த ஆள் தலையைத் தொங்கப்போட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டி, வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுத் திரும்பியிருப்பாளாம். என்னிடம் அப்படித்தான் சொன்னாள். ஆனால் கண்ணப்பனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அடடே, நம்ம பழவேற்காட்டு அம்மா! உன் தம்பியாலதான் எனக்குப் பேரே வந்துச்சு. எப்படி இருக்கான்?"

"கீறான் சார்" என்றாள். "வாராவாரம் எறா கொண்டாரட்டுமா?"

கொண்டுபோனாள், நாலு வருஷத்துக்கு மேல். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக் கொடுப்பாள். சமையலறைக் கதவு வழியாகக் கூடம் தெரியும், டெலிபோன் தெரியும், கண்ணப்பன் தெரிவார். பட முதலாளி பேசினால் அவர் குரல் எப்படிக் குழைகிறது, போனை வைத்ததும் மனைவியிடம் எப்படி மாறுகிறது என்று ஒன்று விடாமல் உள்ளே வாங்கினாள். ஒரு சாயங்காலம் திரும்பும் படகில் நானும் இருந்தேன். காலிக் கூடையைக் காதோடு வைத்துக்கொண்டு, "அண்ணே, நீங்க தெய்வம்ணே" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

எண்பத்திரண்டு ஆவணியில் கண்ணப்பன் புது வீடு கட்டிக் குடிபோனார். அந்த முதலாளியின் அடுத்த படத்துக்கு அவரே டைரக்டர். வீடு நிறைய சினிமாக்காரர்கள், முன்வரிசையில் அந்த முதலாளி. மத்தியானப் பந்திக்கு முன்னால், சந்தோஷத்தில் அவரே ஆளனுப்பிக் கஸ்தூரியம்மாளைக் கூடத்துக்கு வரவழைத்தார்.

"அந்த வசனம் பொறந்தது இவங்க வீட்லதான். அசல் அந்த ஊர் பாஷை. எங்கே, ஒரு தரம் சொல்லிக் காட்டும்மா!"

கஸ்தூரியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அத்த விட நல்லது ஒண்ணு கீது சார். செய்யட்டுமா?"

"செய், செய்!" எல்லோரும் கை தட்டினார்கள்.

முதலில் ஒரு சாப்பாட்டு இலை முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இந்த மாதிரி ஜனங்களோட அன்பை யாரும் காட்டினதில்லம்மா" என்றாள். உறிஞ்சல், மறுபடி துடைப்பு, மறுபடி உறிஞ்சல். யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கூடம் வெடித்தது. கண்ணப்பனும் சிரித்தார். வேறென்ன செய்வார்?

பிறகு எழுந்து, கையைக் காதில் வைத்தாள். முதுகு வளைந்தது. "அண்ணே, நீங்க தெய்வம்ணே. உங்க அறிவு யாருக்குண்ணே வரும்!" கையைக் கீழே இறக்கி, உள்பக்கம் திரும்பினாள். "அடியே, காபி கொண்டா. இந்த மடையனுக்கு ஒரு கதையை மூணு தரம் சொல்லணும். மண்டையில ஒண்ணும் ஏறாது. பணம் மட்டும் இல்லன்னா இவன் கண்டிப்பா பஸ் ஸ்டாண்டுல எச்சி ஒழுக நிப்பான்."

பாதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் முன்வரிசையைப் பார்த்தார்கள். முதலாளி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கண்ணப்பன் அவள் முன்னால் வந்து நின்றார். "நான் உனக்கு என்னம்மா பண்ணேன்?"

"சும்மா காமெடிக்குதான் சார்" என்றாள் கஸ்தூரியம்மாள். "சிரிச்சாங்க இல்ல?"

அந்தப் படம் வேறு ஒருவர் கைக்குப் போயிற்று. அதற்கப்புறம் யாரும் கண்ணப்பனைக் கூப்பிடவில்லை என்று கேள்வி.

அன்று வீட்டுக்கு வந்ததும் முனியனை உட்காரவைத்து எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். அவன் பொறுமையாகப் பார்த்தான்.

"அப்போ சரோ வருமா?" என்று கேட்டான்.

அவள் எழுந்து சோற்றுப்பானையைத் திறந்தாள்.

"சரோ எங்க கீது?"

"அனுப்பம்பட்டுல."

"அது எங்க கீது?"

"பொன்னேரிக்கு அடுத்த டேசன். ரயில்ல போவசொல்ல வரும்."

முனியன் கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். அவனுடைய பத்துக்குள் அந்த வாரங்கள் அடங்கவில்லை. "நீ அந்த ரயில்லதான போன? எறங்கிக் கூட்டினு வர்லாம் இல்ல?"

இதைக் கஸ்தூரியம்மாளே பிறகு என்னிடம் சொன்னாள். நாலு வருஷத்துக்கு மேல், போகவும் வரவுமாக வாரத்துக்கு இரண்டு முறை அந்த ஸ்டேஷனைக் கடந்திருக்கிறாள். கண்ணப்பன் குரலை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறாள்.

மறுநாள் அங்கே இறங்கினாள். சரோஜா சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கஸ்தூரியம்மாளைப் பார்த்ததும் கை நின்றது.

"முனியன் வர்ல?"

"நீ வரணும்னு சொன்னான்."

"இத்தினி நாளு நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

கஸ்தூரியம்மாள் சொன்னாள். சரோஜா பாதியிலேயே கையைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு அதில் அக்கறை இல்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து, "போலாம். நைனா கைல நானே சொல்றேன்" என்றாள்.

தாமோதரனுக்கு வயதாகியிருந்தது. "மறுபடி ஜனம் சிரிக்குமே, கண்ணு" என்றார்.

"சிரிக்கட்டும் நைனா. வாய் வலிச்சா நிறுத்திடுவாங்க."

கல்யாணத்துக்குப் பதினோரு பேரைத்தான் அழைப்பேன் என்றாள் கஸ்தூரியம்மாள். அன்று கூடாரத்தில் சிரிக்காதவர்கள் அவ்வளவுதானாம். அவளிடம் பெயர் பெயராக இருந்தது. சரோஜா ஒத்துக்கொள்ளவில்லை. மேளம் வேண்டும், இரண்டு குப்பமும் வர வேண்டும், எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்றாள். மணப்பெண் பேச்சுதான் ஜெயித்தது. எண்பத்து மூன்று தை மாதம், பட்டப்பகலில், ஊர் முழுக்கக் கூடித் தாலி கட்டினார்கள். முனியன் முடிச்சுப் போடத் திணறினான். சரோஜா பின்னால் கை நீட்டி, "இப்டி" என்று காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. கஸ்தூரியம்மாள் பந்தல்காலருகே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் மீன் சோறு. அவளே பரிமாறினாள். என் இலைக்கு வந்தபோது வெறும் குழம்பு விழுந்தது. "துண்டு ஒண்ணு போடும்மா" என்றேன். "தீந்துபோச்சு பாய்" என்றாள். அண்டாவில் பாதிக்கு மேல் மடவை மீன் மிதந்துகொண்டிருந்தது. நான் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

அவர்கள் தாமோதரன் போட்ட குடிசையில் இருந்தார்கள். இருவரும் மறுபடி இறால் பிரிக்கப் போனார்கள். சண்டை போட்டார்கள், அடுத்த வேளைக்குள் மறந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, கண்ணப்பன் படுத்த படுக்கையாக இருக்கிறார், பார்க்க ஆளில்லை என்று பஜாரில் பேச்சு வந்தது. நூல் வாங்க வந்த கஸ்தூரியம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன். அன்று அப்படிச் செய்திருக்க வேண்டாமோ என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று கேட்டேன்.

நூல்கண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழுத்துப் பார்த்தாள்.

"தோணும் பாய்" என்றாள். "அன்னிக்கு அவன் நடக்கற நடைய செஞ்சு காட்ட மறந்துட்டேன்."