மார்க்கண்டு மாஸ்டர் செய்த கழுத்து

உரும்பிராய் மார்க்கண்டு மாஸ்டருக்கு எதையும் செய்து பார்த்தால்தான் விளங்கும். பௌதிகம் படிப்பிக்கிற ஆள். குடம் சரிந்தால்கூட, ஏன் சரிந்தது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் நிமிர்த்துவார். மனைவி குணலட்சுமிக்குக் கழுத்து நோ வந்தபோது, எண்ணெய் பூசித் தேய்த்துவிடாமல் மனுசன் கழுத்தொன்று செய்யத் தொடங்கியதில் ஊருக்கு ஆச்சரியமே இல்லை.

அது தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலம். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. குணலட்சுமிதான் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவாள். இறைப்பு மிசின் போடுகிற சத்தத்தில், மேலிருந்து சுடுகிற ஆமி ஹெலி வருவது காதில் விழாது. அதனால் ஒவ்வொரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து வானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள். கண்டால் போட்டது போட்டபடி பங்கர்க் குழிக்குள் ஓடிப் பதுங்கவேண்டும். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாருக்கும் அதே பாடுதான்.

மாஸ்டர் ஏழு நூல்கட்டைகளை அடுக்கி, சைக்கிள் ரியூப் வார்களால் இழுத்துக் கட்டி, தலைக்கு ஒரு தேங்காயை வைத்தார். தேங்காயைப் பின்னால் சரித்ததும் கட்டைகளின் பின்விளிம்புகள் ஒன்றையொன்று நெரித்தன. அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

“அண்ணாந்து அண்ணாந்து பாக்கிறதாலைதான் உந்த நோ. இனி நீ நிமிரக்கூடாது. வானத்தை நான் பாக்கிறன்.”

“பராக்கிலை விட்டிட மாட்டியளே?”

“என்ன கதை கதைக்கிறாய்? நான் பாக்கிறன்.”

பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் பார்த்தார். அவளுக்கு நோவும் குறைந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியது. தோட்டத்துக்கே அந்தக் கழுத்தைக் கொண்டுவந்து வரம்பில் வைத்திருந்தார்.

பதின்மூன்றாம் நாள் வேண்டாத யோசனை ஒன்று வந்தது. ஹெலிக்குள் இருந்து குனிந்து ஆட்களைத் தேடுகிறவனுக்கும் கழுத்துத்தானே? அவன் தலையில் பாரமான தொப்பி வேறு. சிரட்டையில் மண்ணை நிரப்பித் தேங்காய்மேல் கட்டி, முன்னால் சரித்தார். ரியூப் வார் விண்ணென்று இழுபட்டது. “உனக்கு என்ரை மனிசியை விட நோகுமடா” என்று முணுமுணுத்தபடி, அதை எழுதிவைக்கக் கொப்பியை எடுத்துக் குனிந்தார்.

ஹெலி சுட்ட சன்னங்கள் மண்ணைக் கிளறிக்கொண்டு வந்தபோதுதான் நிமிர்ந்தார். குணலட்சுமி நிமிரவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிறவள். வாய்க்காலுக்குள் குப்புற விழுந்து கிடந்தாள். பத்தடியில் பங்கர் இருந்தது. மிசின் பாட்டுக்கு இறைத்துக்கொண்டிருந்தது.

அவர் கண்டுபிடித்ததில் ஒரு பிழையும் இல்லை. அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகும் மாஸ்டர் நாள் தவறாமல் தோட்டத்துக்குப் போனார். வெங்காயம் காய்ந்து போயிற்று. மிசினை விற்றாயிற்று. காலையிலிருந்து பொழுதுபடும்வரை வரம்பில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருப்பார். பக்கத்துத் தோட்டத்து அருளம்பலம் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

“மாஸ்டர், கழுத்து நோகேல்லையே?”

“நோகுது,” என்றார் மாஸ்டர், கண்ணை எடுக்காமலே. “நான் பாக்கிறன் எண்டு அவளிட்டைச் சொன்னனான்.”