பெண் பார்க்கப் போன வீட்டில் ஆமைக் குஞ்சுகள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துப் படியுங்கள். எங்கள் பட்டறை அண்ணாச்சியை நினைத்தால் முதலில் ஒரு டியூப் லைட்தான் கண்ணுக்குள் எரிகிறது.

தொண்ணூறுகளில் பேட்டையில் அவருடைய லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். தாய் தகப்பன் இல்லாத எனக்குப் பெண் தேடியதும் அவர்தான். நான் வாயைத் திறக்காததால் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. அண்ணாச்சிக்கோ சகுனம் பெரிது. பூனை குறுக்கே போனால் பட்டறையைத் திறக்க மாட்டார்.

ஒரு பங்குனியில் உவரிப் பக்கம் கடற்கரை ஊருக்குப் பெண் பார்க்கப் போனோம். பஸ் பழுதாகி, போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. எங்களுக்காகவே வாசலில் ஒரு டியூப் லைட் கட்டியிருந்தார்கள். முற்றத்தைத் தாண்டினால் மணல், அப்பால் கடல். பெண் காபித் தட்டோடு வந்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரை நகர்ந்தது.

உள்ளங்கையில் பாதிகூட இல்லாத கறுப்பு ஆமைக் குஞ்சுகள், எங்கள் செருப்புகளில் ஏறி இறங்கி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் எங்கள் பக்கம் ஆகாது என்பார்கள். பெண்ணின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. அண்ணாச்சி துண்டை உதறி எழுந்தார்.

"ஏலே, எந்திரி. இதுக்கு மேல இங்க பேச்சு கிடையாது."

"அதுக வீட்டத் தேடி வரல. வெளிச்சத்தக் கடல்னு நெனச்சு வருதுக. லைட்ட அமத்துங்க" என்றாள் பெண்.

பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயர், சுவிட்ச் கிடையாது. நான் நாற்காலியில் ஏறி டியூபைத் திருகிக் கழற்றினேன். "யாரும் கால அசைக்காதிய!" என்று கத்தியதும் நானேதான். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

கண் பழகியதும் கடல் வெளுப்பாகத் தெரிந்தது. சில குஞ்சுகள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. மற்றவற்றைச் சுளகிலும் பூத்தட்டிலும் அள்ளினோம். அண்ணாச்சியும் மனசு கேளாமல் குனிந்து வேட்டி மடியில் சேர்த்தார்.

"வீட்டுக்குள்ள வந்தா ஆகாது. ஒம்ம மடிக்குள்ள வந்தா ஆகுமோ?" என்றாள் பெண்ணின் சித்தி.

"சும்மா இரும்மா, கூசுது!"

ஈர மணலில் விட்டதும் துடுப்புகளை அடித்துக்கொண்டு ஓடின. ஒன்றை மட்டும் அலை புரட்டித் திரும்பக் கரையில் போட்டது. "போயிரு, போயிரு" என்று அண்ணாச்சி அதனோடு முழங்கால் தண்ணீர்வரை நடந்தார். அடுத்த அலை அதைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் நின்ற பெண் என்னிடம், "ஊமைன்னுல்லா சொன்னாவ" என்றாள். நான் மறுபடியும் ஊமையானேன்.

அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்துகொண்டு வந்தார். பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வே, ஆமை வந்தத டவுண்ல ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீரும். கல்யாணத்த எங்க வச்சுக்கிடலாம், அதச் சொல்லும்" என்றார் அண்ணாச்சி அவரிடம்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அந்தக் கரை முழுக்க இன்று விளக்குகள். வீட்டில் இன்றும் அவள்தான் பேசுகிறாள், நான் கேட்கிறேன். இதை எழுதும்போதும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சித்தி சொன்னத எழுதுனியளா?" என்றாள்.

எழுதிவிட்டேன். இன்று பங்குனிக் கடைசி ஞாயிறு, அதே மாதம்தான்.