என் புருஷனைத் தேடிப்போன துரை

1944ஆம் வருஷம் கோடை முடிகிற சமயத்தில், என் புருஷனுக்குச் செத்தவர் பூசை வைத்துவிடலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தது. இங்கே கூடியிருக்கிற உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். பலருக்குத் தெரியாது. அந்த வருஷம் நான் பட்டதையும், தேவமாதாவின் மன்றாட்டால் சர்வேசுரன் எனக்குச் செய்ததையும் உள்ளபடி சொல்கிறேன். அழகுபடுத்திச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் பெயர் ஞானம்மா. பிறந்தது கிருமாம்பாக்கம். வாக்கப்பட்டது பாகூர் ஏரிக்குக் கீழே உள்ள எங்கள் காலனிக்கு. என் வீட்டுக்காரர் பெயர் அந்தோணி. கரும்பு வெட்டுகிறவர். நாங்கள் பிரெஞ்சுக்காரன் குடிகள். ஆனால் எல்லை தாண்டினால் கடலூர், அது இங்கிலீஷ்காரன் சீமை. சண்டை தொடங்கி அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஊரில் வேலை குறைந்த நேரம். ஒருநாள் இவர் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். நான் அழுதேன். "வுடு ஞானம், பாத்துக்கலாம்" என்றார். எதற்கும் அவர் சொல்வது அதுதான். அப்போது எங்கள் மகள் திரேசா தவழ்ந்துகொண்டிருந்தாள்.

பர்மா பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் வெள்ளைக்கார அதிகாரிக்கு ஆர்டர்லியாகப் போட்டிருப்பதாகச் சொல்லியனுப்பினார். அதிகாரி பெயர் ஹாலம். பட்டாளத்து ஆட்கள் வாயில் அது ஆலம் துரை ஆகிவிட்டது.

பிறகு ஒரு சேதியும் இல்லை. சித்திரை மாதம் பட்டாளத்திலிருந்து தாள் வந்தது. பங்குச் சாமியார் படித்தார். ஆள் காணவில்லை, அவ்வளவுதான். அதே பட்டாளத்தில் இருந்த கடலூர்ப் பையன் ஒருவன் கை போய் ஊர் திரும்பியிருந்தான். என் வீட்டுக்காரரின் அண்ணன் லூர்துசாமி அவனைத் தேடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"ஆத்தங்கரையில வுட்டுட்டு வந்துட்டாங்களாம்மா. அதுக்கப்புறம் அந்தக் கரையில ஆரும் உசுரோட இல்லியாம்."

அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

லூர்துசாமி மாமா கெட்டவர் இல்லை. எங்களுக்கு அரிசி போட்டவர் அவர்தான். தம்பி ஆத்துமத்துக்குப் பூசை இல்லாமல் கிடக்கிறதே என்பது அவர் வேதனை. இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு ஒருநாள் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஞானம், பூச வெச்சுடலாம்மா. தாலிய அவுத்து மாதா பாதத்துல வெச்சுடு. ஊர்ல ஒரு மாரி பேசுறாங்க."

"அவரு பூட்டாருன்னு ஆர் கண்டது மாமா?"

"கண்டவன் எவன் திரும்பி வந்தான், சொல்றதுக்கு?"

பத்து நாள் தவணை கேட்டேன்.

மறுநாள் விடியலில் திரேசாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. குளத்தில் முகம் கழுவிக்கொண்டு மாதா சுரூபம் வைத்திருக்கிற கெபி முன்னால் முட்டி போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவரை எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படிக் கேட்டுக் கிடைக்காமல் போனால் பிறகு நான் எந்த முகத்தோடு அந்தக் கோயிலுக்குள் போவேன்? அதனால் சின்னதாகக் கேட்டேன். "தாயே, இருக்காரா இல்லியான்னு மட்டும் கண்டவங்க ஒருத்தர அனுப்பு. இல்லன்னாலும் தாங்கிக்கறேன்." செபமாலை முடித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். மனசில் ஒரு மாற்றமும் இல்லை. கால் வலித்தது.

தவணை முடியவில்லை. ரெட்டியார் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வரப்பு வழியாக லூர்துசாமி மாமா வேகமாக வந்தார்.

"வூட்டுக்கு வா. ஆரோ சொல்தா வந்திருக்கான். ஒன் பேரச் சொல்லிக் கேக்கறான்."

சொல்தா என்றால் எங்களுக்குப் பிரெஞ்சுச் சிப்பாய். எதற்கு வந்திருக்கிறானோ என்று சேற்றுக் காலோடு ஓடினேன். வாசலில் நின்றவர் பிரெஞ்சுக்காரர் இல்லை. காக்கி உடுப்பு, கையில் தடி, ஒரு கால் விறைத்து நின்றது. வயது என் வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தோணி வூடு இதானே? நீ ஞானம். நான் ஆலம்."

வெள்ளைக்காரர் வாயில் எங்கள் காலனிப் பேச்சு. உச்சரிப்பு கோணலாக இருந்தது, ஆனால் இழுப்பு என் வீட்டுக்காரருடைய இழுப்பு. பட்டாளத்தில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தாராம். அது பரீட்சைக்குத்தான் ஆனது, பேசக் கற்றுக்கொண்டது அந்தோணியிடம் என்றார்.

முட்டி மடங்காததால் அவரால் பாயில் உட்கார முடியவில்லை. உரல்மேல் பலகை போட்டு உட்கார வைத்தோம். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். தெருவே வாசலில் நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

பட்டாளம் பின்வாங்கியபோது ஆற்றுத் துறையை மறித்து நிற்கச் சொல்லி துரையையும் அவர் ஆட்களையும் விட்டுப் போனார்களாம். மழை. ஜப்பான்காரன் மேட்டிலிருந்து சுட்டான். துரைக்குத் தொடையில் குண்டு. என் வீட்டுக்காரர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடத்தில் போட்டிருக்கிறார். நாயக் பதவியில் இருந்த சிப்பாய் ஒருவர் அடிபட்டு இன்னும் மேலேயே கிடந்தார்.

"ஏறுடான்னு சொன்னேன். 'வுடு தொரை, பாத்துக்கலாம்'னு சொல்லிட்டு மேல போனான். ஓடத்தத் தள்ளிட்டாங்க. அவன் சரிவுல ஏறுறதப் பாத்தேன். அதுக்கப்புறம் பொகை."

லூர்துசாமி மாமா கேட்டார். "அப்ப பூட்டான்னுதான தொரை அர்த்தம்?"

"செத்தத நான் பாக்கல. பாக்காதத நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில கேட்டாங்க, அங்கயும் சொல்லல. கடசியா பாத்தவன் நான். அதான் வந்தேன்."

அப்போது எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். இவர் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறார். இவரைத் தூக்கிவந்தவர் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. கண்டவரை அனுப்பு என்று நான் கேட்டேன். கடைசியாகக் கண்டவரே, நடக்க முடியாத காலை இழுத்துக்கொண்டு கடலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் வழி கேட்டு, என் வாசலுக்கு வந்திருக்கிறார். கேட்டது கிடைத்துவிட்டது. இனிமேல் பெரிதாகவும் கேட்கலாம் என்று எனக்கு அந்த நேரத்தில்தான் தைரியம் வந்தது.

"திரும்பியும் அங்க போவீங்களா?" என்று கேட்டேன்.

"கால் சரியானா போவேன்."

"போனா அவரத் தேடுவீங்களா?"

தடியைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தார். முடியாததைச் சொல்லிவிடக் கூடாதே என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"தேடுவேன்."

"நான் ஒங்களுக்கும் சேத்து வேண்டிக்கறேன்."

"எனக்கு செபம் வராதும்மா," என்றார். "நீ செய்."

சாயங்கால பஸ்ஸுக்கு லூர்துசாமி மாமாவே வண்டி கட்டிக்கொண்டுபோய் விட்டுவந்தார். வந்ததும் என்னிடம், "தொரைக்கே தெரியல. நீ இன்னாத்த நம்பிக்கினு இருக்கறே?" என்றார். ஆனால் அதற்குப் பிறகு பூசைப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அந்த மழைக்காலமும் பனிக்காலமும் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. நடவு, களை, அறுப்பு. ராத்திரியில் குழந்தையோடு முட்டி போட்டு இரண்டு பேருக்காக வேண்டினேன். ஒருவர் என் புருஷன். இன்னொருவர் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. சில நாள் மனசு கல்லாக இருக்கும். வாய் மட்டும் அருள்நிறை மந்திரத்தைச் சொல்லும். வாய் சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். அது செபமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "நிறுத்தாம சொல்றியே, அதுவே போதும்" என்றார்.

அடுத்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். லூர்துசாமி மாமா வெல்லம் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போயிருந்தார். பொழுது சாய்கிற நேரம் வண்டிச் சத்தம் கேட்டது. வழக்கமாக மாட்டை அதட்டிக்கொண்டே வருகிறவர், அன்று அவர் குரலே இல்லை. வெளியே வந்தேன். வண்டி முன்னால் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். பின்னால் கறுத்துச் சுருங்கிப்போய் ஒரு ஆள் கோலை ஊன்றி இறங்க முயன்றுகொண்டிருந்தார்.

"ஞானம், புடி, வுழுந்துருவான்," என்றார் மாமா.

நான் பிடித்தேன். என் புருஷன்தான். திரேசா அவரைக் கண்டு பயந்து அழுதாள். கடலூர் ரயிலடியில் இவர்தான் அண்ணனைக் கண்டு கூப்பிட்டாராம். அண்ணனுக்கு அடையாளமே தெரியவில்லையாம்.

நடந்ததை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நாயக்கிடம் போய்ச் சேர்ந்தபோதே அவருக்கு உயிர் இல்லை. திரும்புகையில் குண்டு வெடித்து இவர் கால் முறிந்துவிட்டது. ஓடை வழியே ஊர்ந்து காட்டுக்குள் போயிருக்கிறார். மலைக்காரர்கள் கண்டு தூக்கிப்போயிருக்கிறார்கள். ஒரு வயதான புருஷனும் பெண்சாதியும். மூங்கில் வைத்துக் கட்டி, வீட்டுப் பரணில் படுக்க வைத்து, சோளக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் வீட்டோடு கொளுத்திவிடுவான். இவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்து அந்தக் கிழவி சிரித்தாளாம். அவர்களும் வேதக்காரர்கள். பாஷை தெரியாது, சேசு என்ற பெயர் மட்டும் இருவருக்கும் தெரியும்.

மழை நின்று சில மாதம் கழித்து, பட்டாளம் வருகிறது என்று ஊரே கலைந்து ஓடியது. யார் பட்டாளம் என்று இவருக்குத் தெரியவில்லை. பரணிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். கீழே பூட்ஸ் சத்தம். யாரோ மலைப் பாஷையில் கேட்டார்கள். கிழவர் பயத்தில் இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். சத்தம் தூரப் போனது. அப்போது ஊர் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய் அந்தோணி! இங்க கீறியாடா? வூட்டுக்குப் போலாம், வாடா!"

இவர் என்னிடம் சொன்னார்: "காய்ச்சல்ல காது பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். அந்த மலையில நம்மூர்ப் பேச்சு ஏது? மறுபடியும் கத்துனாரு. அப்பத்தான் நானும் கத்துனேன். இன்னா கத்துனேன்னு எனக்கே தெரியல."

கூட வந்த சிப்பாய்கள் பிறகு இவரிடம் சொன்னார்களாம். வழியில் வந்த ஒவ்வொரு மலையூரிலும் ஆலம் துரை அப்படித்தான் நடுவில் நின்று கத்துவாராம். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்களாம். மேலதிகாரி ஒருதரம் திட்டினாராம். அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது துரை கைகொடுத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான். "வூட்ல கேட்டத செஞ்சுட்டேன்னு சொல்லு. அவங்க வேண்டிக்கறாங்கல்ல, அத நிறுத்த வேணாம்னும் சொல்லு."

அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியாது. பட்டாளம் மேலே ரங்கூன் பக்கம் போனது. சண்டை முடிந்தது. கடலூரில் கேட்டோம், திரும்பி வந்த ஆட்களைக் கேட்டோம். பார்த்தேன் என்கிறவரும் இல்லை, செத்தார் என்கிறவரும் இல்லை. அவர் நம் சபை இல்லை, வேறு சபை. அவருக்குச் செத்தவர் பூசைக்குக் காசு கொடு என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. பாக்காததை நான் எப்படிச் சொல்வது?

என் வீட்டுக்காரரால் இனிக் கரும்பு வெட்ட முடியாது. ஏரி மதகில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்க்கிறார். முன்பு பூசைக்குக்கூட என்னை அனுப்பிவிட்டுப் படுத்திருப்பவர், இப்போது எனக்கு முன்னால் கோயிலில் நிற்கிறார். மலைக்காரக் கிழவன் கிழவிக்காகத் தினமும் வேண்டுகிறார். நானும் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் என் வீடு, என் பிள்ளை என்றுதான் கேட்பேன். இப்போது முகம் தெரியாதவர்களுக்காகவும் கேட்கிறேன். என் புருஷனைக் காப்பாற்றியவர்கள் எல்லாம் எனக்கு முகம் தெரியாதவர்கள்தானே.

இந்தக் கூட்டத்தில் சேதி வராமல் காத்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். பெரிதாகக் கேட்கப் பயமாக இருந்தால், நான் கேட்டதுபோல் சின்னதாகக் கேளுங்கள். கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கிறவர் சர்வேசுரன். வாய் மட்டும் செபித்தாலும் நிறுத்தாதீர்கள். இப்போது முட்டி போடும்போது, ஹாலம் என்கிற ஒரு பிள்ளைக்காகவும், அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு, என்னோடு ஒரு மந்திரம் சொல்லுங்கள்.