ச இல்லாத அறிவிப்புகள்

என் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அதே நிலையத்தின் பார்சல் அறையில் எனக்கு வேலை. பதினெட்டு வருடமாக வீட்டில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். வேலை நேரத்திலும் அதே கதைதான். என்ன, அங்கே என்னோடு சேர்ந்து ஊரே கேட்கும் என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

அவள் அறையில் ஒரு மைக், ஒரு கால அட்டவணை, ஒரு சுழல் நாற்காலி, ஒரு பிஸ்கட் டப்பா. இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். வண்டி தாமதமானால் நாலு. எங்கள் தடத்தில் வண்டி நேரத்துக்கு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாற்காலி மூன்று முறை மாறியது. "இப்பல்லாம் நாற்காலியே தரமா வர்றதில்ல" என்பாள். நானும் தலையாட்டிவிடுவேன், நான் குடும்பம் நடத்த வேண்டாமா?

பல் துலக்கும்போது ரத்தம் வருவதை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். பிரஷ்மேல் பழியைப் போட்டு வேறொன்று வாங்கினாள். அப்புறம் ரத்தம் வரும் பக்கமே பிரஷைக் கொண்டுபோகவில்லை. மேல்வரிசை முன்பற்கள் விலகி ஆட ஆரம்பித்தன. 'ச' வரும் இடமெல்லாம் விசில். ஒரு காலை "வந்து சேரும்" என்று அவள் சொல்லப்போக, கார்டு ஊதிவிட்டார் என்று நினைத்து ஒரு பெரியவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினார். வண்டி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அன்றோடு எங்கள் வாழ்க்கையிலிருந்து 'ச' காணாமல் போனது. "வந்து சேரும்" போய் "வந்து நிற்கும்" வந்தது. "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" போய் "இடையூறுக்கு வருந்துகிறோம்". வீட்டில் "சாப்பிட வாங்க" என்பவள் "உண்ண வாங்க" என்றாள். சனியன், சோம்பேறி என்று எனக்குக் கிடைத்துவந்த பட்டங்களும் நின்றுபோயின. நமக்கு மதிப்பு கூடிவிட்டது என்று இரண்டு மாதம் பூரித்துப்போயிருந்தேன், முட்டாள்.

விஷயம் புரிந்ததும் பல் டாக்டரிடம் போகலாம் என்றேன். "பல்லைப் பிடுங்கிட்டாங்கன்னா? அப்புறம் மைக்கை எனக்கு யாரு குடுப்பா?" என்றாள். அவளுடைய பயமே அதுதான். அந்த மைக் இல்லாத அவளை எனக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு பிற்பகல், நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கூட்டத்தில் தொலைந்துபோனது. தாய் அழுதுகொண்டே அறிவிப்பு அறைக்கு ஓடிவந்திருக்கிறாள். அடையாளம்: சிவப்புச் சட்டை, சுருட்டை முடி, சாம்பல் நிறச் செருப்பு. இதில் எதை மாற்றிச் சொல்ல? ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு விசிலோடு, நிறுத்தி நிதானமாக, மூன்று முறை சொன்னாள். இரண்டாம் நடைமேடையில் குழந்தை கிடைத்தது. அந்த விசிலைக் கேட்டு என் பக்கத்தில் நின்ற சிலர் சிரித்தார்கள். அவர்களை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

வேலை முடிந்ததும் அவளே வந்து, "வாங்க, டாக்டர்கிட்ட போவோம். அதான் ஊருக்கே தெரிஞ்சுபோயிடுச்சே" என்றாள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். ஈறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். "பல்லுக்கு எதுக்கு டாக்டர் ரத்தம்?" என்று நான் மேதாவி மாதிரி கேட்டேன். மறுநாள் ரிப்போர்ட்டைப் புரட்டியவர், "உங்களுக்கு சர்க்கரை இருக்கும்மா" என்றார். இரண்டு மாதமாக என் மனைவி வாய் திறந்து சொல்லாத வார்த்தை.

"ஈறுல புண்ணு இருந்தா சர்க்கரை லேசுல அடங்காது. சர்க்கரை ஏறிக் கிடந்தா ஈறு ஆறாது. உடம்பு எடை ரெண்டுக்கும் தூபம் போடும். சர்க்கரைக்குத் தனியா ஒரு டாக்டரைப் பாருங்க, ஆனா எல்லாத்தையும் சேர்த்துதான் கவனிக்கணும்."

"மைக்குல பேசணும் டாக்டர்" என்றாள் இவள், மெதுவாக.

"ஒரு பல்லு பிழைக்காது. மத்ததை நீங்க நெனச்சா காப்பாத்தலாம்."

ஐந்து மாதம். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார்கள். மாத்திரை, அளவுச் சாப்பாடு, பிஸ்கட் டப்பாவில் வெள்ளரிக்காய். நடைமேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பாள். மூச்சு வாங்கியது என்னவோ பின்னால் போன எனக்குத்தான். முதல் இரண்டு வாரம் பசிக் கோபம் முழுவதையும் நான் ஒருவனே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏழு கிலோ இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. போன பல்லுக்குப் பதில் பொய்ப்பல் வைத்தார்கள். "மத்த பல்லு நிக்கும்மா" என்று டாக்டர் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

மறுநாள் காலை முதல் வண்டிக்கான அறிவிப்பு வந்தது. அது முடிந்ததும் பார்சல் அறை டெலிபோன் அடித்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"விசில்?"

"ஒண்ணும் இல்லியே."

"பொய் சொல்லாதீங்க. எனக்கே கேட்டுச்சு."

ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க" என்றாள். "அடுத்த வண்டிக்குச் சொல்லணும், வைக்கிறேன்."