பாரமான சாமிகள் கீழ்த்தட்டில்

சனிக்கிழமை கொலுப் பெட்டிகளை எடுக்க வரட்டுமா என்று குணம் அண்ணாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். பதில் அவருடைய மகள் ஆரணியிடமிருந்து வந்தது. "இண்டைக்கு விடிய அப்பா போயிட்டார், அன்ரி. நித்திரையிலேயே." ரயிலில் இருந்தேன். நான் இறங்க வேண்டிய எல்லிங்ஸ்ருட் நிலையத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்தே இருந்தேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய நையாண்டியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அவர் பழக்கமானது ஒரு வாடகை ஸ்டோர் அறையால். இரண்டாவது குழந்தை பிறந்ததும் நார்வேயில் எங்கள் சின்ன வீட்டில் தொட்டிலா, மாமியார் கும்பகோணத்திலிருந்து கொடுத்தனுப்பிய கொலுப் பொம்மைகளா என்ற நிலை வந்தது. மேல்மாடியில் இருந்த இலங்கைத் தமிழரான அண்ணா தன் ஸ்டோர் அறையில் பாதியைத் தந்தார். "ரொம்ப நன்றி சார்" என்றேன். "சார் எண்டாதேங்கோ பிள்ளை. நான் ஆருக்கும் படிப்பிச்சதில்லை. லொறியிலை சாமான் ஏத்தி இறக்கிறவன்" என்றார்.

அறையின் நடுவே தரையில் டேப் ஒட்டினார். அந்தப் பக்கம் அவருடைய குளிர்கால டயர்கள், விருந்துச் சட்டிகள். இந்தப் பக்கம் என் பெட்டிகள். அவருடைய சாமான் ஒருநாளும் கோட்டைத் தாண்டியதில்லை. என்னுடையது தாண்டாத மாதமில்லை. "இந்தியா திரும்பவும் உள்ளுக்கு வந்திட்டுது" என்பார், சிரிக்காமல். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது.

அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு பொம்மையும் அவருடைய பழைய கம்பளி உடுப்புக்குள் இருந்தது. நான் சுற்றிய செய்தித்தாள் போதாதாம். "சூடு போடாத அறை. கும்பகோணத்துச் சாமியளுக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை" என்றார். சிவப்பு ஸ்வெட்டருக்குள்ளிருந்து பெருமாளை எடுத்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒரு புரட்டாசியில் அப்பாவுக்கு இதய அறுவை என்று அலறியடித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மறுநாள் நவராத்திரி. வைக்கத் தொடங்கிய கொலுவை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும் வருஷமா அது நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. போனில் அண்ணாவிடம் புலம்பினேன். "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு படம் அனுப்பினார். ஸ்டோர் அறையின் இரும்புத் தட்டுகளில் கொலு! டயர்களின் மேல் வேட்டி விரித்துப் பேட்டரி விளக்கு. பக்கத்து அறைக்குச் சைக்கிள் வைக்க வந்த நார்வேக்காரர் ஒருவர் கை நிறையக் கடலையோடு நிற்கிறார். ஆனால் செட்டியாரும் கிரிக்கெட் வீரர்களும் உச்சித்தட்டில் இருந்தார்கள், சாமிகள் எல்லாம் கீழே. கேட்டேன். "எங்கட ஊரிலை கும்பம்தான் வைப்பம், பொம்மை அடுக்கத் தெரியாது. சாமான் அடுக்கத் தெரியும். பாரமான ஆக்கள் கீழை இருந்தால்தான் தட்டு நிக்கும், பிள்ளை" என்றார். அப்பாவைப் பிழைக்க வைத்தவர்கள் மருத்துவர்கள். அன்று எனக்குச் சோறு இறங்கியது அண்ணாவால்.

இறுதிச்சடங்கு முடிந்த பிறகு ஆரணியும் நானும் அறையைத் திறந்தோம். அவர் பக்கத்தைக் காலி செய்தோம். டேப்பை உரிக்க எனக்கு மனம் வரவில்லை. சிவப்பு ஸ்வெட்டரை நீட்டி, "இது பெருமாளின்ரை, நீங்களே வைச்சிருங்கோ அன்ரி" என்றாள். வைத்திருக்கிறேன்.

இந்த வருஷக் கொலுவை வீடியோவில் பார்த்த மாமியார், "என்னம்மா இது, சாமியெல்லாம் கீழ இருக்கு?" என்றார்.

"பாரமானவங்க கீழ இருந்தாத்தான் தட்டு நிக்கும் அத்தை" என்றேன்.